முதுகெலும்பு அறுவை ஃபெலோஷிப்: முழு சர்ஜன் ஆன பிறகும் ஏன் இன்னொரு பயிற்சி?

1934ஆம் ஆண்டு 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வந்த ஒரு கட்டுரை, இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் கடும் வலியைப் பற்றிய பழைய கருத்தைப் புரட்டிப்போட்டது. முள்ளெலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க் கிழிந்து, உள்ளிருப்பது வெளியே பிதுங்கி, நரம்பை அழுத்துகிறது; பலருடைய கால்வலிக்கு அதுதான் காரணம் என்றது அந்தக் கட்டுரை. அதுவரை அந்தப் பிதுக்கத்தை ஆபரேஷனில் நேரில் பார்த்தவர்கள்கூட அதைக் குருத்தெலும்புக் கட்டி என்றே குறித்துவைத்தார்கள். எழுதியவர்கள் இருவரும் பாஸ்டன் மருத்துவர்கள். வில்லியம் ஜேசன் மிக்ஸ்டர் நரம்பியல் சர்ஜன். ஜோசப் பார் எலும்பியல் சர்ஜன்.

எலும்புக்குள் நரம்பு ஓடும் இடம் என்பதால், முதுகெலும்புக்கு இன்றுவரை இரண்டு துறைகள் உரிமை கொண்டாடுகின்றன. பல நாடுகளில் எலும்பியல் படித்தவரும் முதுகெலும்பு சர்ஜன் ஆகலாம், நரம்பியல் அறுவை படித்தவரும் ஆகலாம். சிக்கல் என்னவென்றால், இரண்டில் எந்தப் படிப்பும் முதுகெலும்பை முழுதாகச் சொல்லித்தருவதில்லை. பத்து வருடத்துக்கும் மேல் படித்து, தேர்வெல்லாம் தேறி, சட்டப்படி தனியாக ஆபரேஷன் செய்யும் தகுதி பெற்ற ஒருவர் மறுபடியும் ஒரு ஆசிரியரின் கீழ் போய் நிற்பது ஏன் என்ற கேள்விக்கு என் பதில் இதுதான்: அவர் முதுகெலும்பில் பாதியைத்தான் கற்று வந்திருக்கிறார். மற்ற பாதியைக் கற்பதற்கான காலம்தான் ஃபெலோஷிப்.

இது எந்தக் கட்டத்தில் வருகிறது

முதலில் அடிப்படை மருத்துவப் பட்டம். அடுத்து ஒரு துறையில் மேற்படிப்பு. அது முடிந்த பிறகு, அந்தத் துறைக்குள் ஒரு கிளையை மட்டும் எடுத்து ஆழமாகப் பழகும் பயிற்சிதான் ஃபெலோஷிப். காலக்கணக்கு நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் எலும்பியல் ரெசிடென்சி (மேற்படிப்புப் பயிற்சி) 5 ஆண்டு, நரம்பியல் அறுவை 7 ஆண்டு. அதற்குப் பின் முதுகெலும்பு ஃபெலோஷிப் வழக்கமாக ஓராண்டு. நரம்பியல் பக்கம் அந்த 7 ஆண்டுக்குள்ளேயே ஃபெலோஷிப்பை முடித்துக்கொள்ளும் வழியும் அங்கே உண்டு. இந்தியாவில் எம்.பி.பி.எஸ். ஐந்தரை ஆண்டு, எலும்பியல் எம்.எஸ். 3 ஆண்டு, நரம்பியல் வழியில் போனால் பொது அறுவை எம்.எஸ். முடித்து எம்.சி.எச். இன்னொரு 3 ஆண்டு. தேசியத் தேர்வு வாரியம் நடத்தும் எஃப்.என்.பி. முதுகெலும்பு அறுவைப் பயிற்சி அதற்கும் மேல் 2 ஆண்டு.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். சர்ஜன்கள் பெயருக்குப் பின்னால் போடும் எஃப்.ஆர்.சி.எஸ்., எஃப்.ஏ.சி.எஸ். போன்றவற்றில் வரும் முதல் எழுத்தும் ஃபெலோதான். ஆனால் அவை ஒரு கல்லூரியின் தேர்வையோ உறுப்பினர் தகுதியையோ குறிப்பவை. இந்தக் கட்டுரை பேசும் பயிற்சிக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை.

இரண்டு பாதிகள்

எலும்பியல் வழியாக வருபவருக்கு எலும்பின் மேல் கை நன்றாகப் பழகியிருக்கும். முறிவைச் சேர்ப்பது, ஸ்க்ரூவும் ராடும் போடுவது, எந்தக் கோணத்தில் எடை இறங்கும், எங்கே உலோகம் களைத்து உடையும் என்பதெல்லாம் அவருக்கு அன்றாட விஷயம். ஸ்கோலியோசிஸ் என்னும் பக்கவளைவையும் கூனையும் சரிசெய்யும் மரபு பெரும்பாலும் இந்தப் பக்கத்தில் வளர்ந்தது. ஹூஸ்டனில் போலியோவால் முதுகு வளைந்த குழந்தைகளுக்காகப் பால் ஹாரிங்டன் உருவாக்கிய உலோகத் தண்டு பற்றிய கட்டுரை 1962இல் வந்தது. அவர் எலும்பியல் மருத்துவர்.

ஆனால் தண்டுவடத்தைச் சுற்றியிருக்கும் டியூரா என்ற உறையைத் திறப்பதும், மைக்ராஸ்கோப்பின் கீழ் மெல்லிய நரம்பிழைகளுக்கு நடுவே வேலை செய்வதும் எலும்பியல் பயிற்சியில் அரிது. நரம்பியல் வழியாக வருபவருக்கு அதுதான் சொந்த ஊர் மாதிரி. மூளையில் பழகிய கை, தண்டுவடக் கட்டிக்கும் பதறாது. அவருக்குக் குறைவது வேறு: வளைந்த முதுகை நிமிர்த்தும் கணக்கு, பல மட்டங்களை இணைத்தால் மீதியுள்ள மூட்டுகளுக்கு என்ன ஆகும், வளரும் குழந்தையின் எலும்பு எப்படி நடந்துகொள்ளும் என்பவை. நல்ல ஃபெலோஷிப் மையம் என்றால், வந்தவர் எந்தப் பாதியோடு வந்திருக்கிறார் என்று பார்த்து மற்றதைக் கொடுக்கும். எல்லா மையமும் இதைச் செய்வதில்லை. ஒரே துறை ஆசிரியர்கள் மட்டும் இருக்கும் இடத்தில் எலும்பியல்காரர் மறுபடி எலும்பியலையே ஓராண்டு செய்துவிட்டு வருவதும் நடக்கிறது.

உடற்கூறு ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறது

அசையக்கூடிய முள்ளெலும்புகள் 24: கழுத்தில் 7, நெஞ்சுப் பகுதியில் 12, இடுப்பில் 5. அதற்குக் கீழே ஒன்றோடொன்று ஒட்டிப்போன சேக்ரமும் வால் எலும்பும். தண்டுவடம் இந்தக் குழாயின் கடைசிவரை இறங்குவதில்லை. பெரியவர்களுக்கு இடுப்பின் முதல், இரண்டாம் முள்ளெலும்புக்கு அருகிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே தனித்தனி நரம்புகளின் கற்றை மட்டும்தான். பார்ப்பதற்குக் குதிரைவால் போல இருப்பதால் காடா ஈக்வைனா என்று பெயர்.

இந்த ஒரு தகவலிலிருந்து ஏகப்பட்ட விஷயங்கள் பிறக்கின்றன. கீழ் இடுப்பில் டிஸ்க் எடுக்கும்போது நரம்புப் பையை மெதுவாக ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு வேலை பார்க்கலாம். நரம்புகள் அந்த அளவு தாங்கும். நெஞ்சுப் பகுதியில் அதே டிஸ்க் பிதுங்கியிருந்தால், அதே வழியில் பின்னாலிருந்து போய்த் தண்டுவடத்தை ஒதுக்க முடியாது. முள்ளெலும்பின் பின்பக்க வளைவை நீக்கும் லாமினெக்டமி மட்டும் செய்து அப்படி எடுக்கப் பார்த்த பழைய காலத்தில் கணிசமானவர்களுக்குக் கால்கள் செயலிழந்தன. அதனால் இன்று பக்கவாட்டிலிருந்தோ முன்னாலிருந்தோ போகிறார்கள். முன்னால் என்றால் நடுவில் நுரையீரல், மகாதமனி. கழுத்துக்குப் போனால் பிரச்சினை மறுபடி மாறுகிறது: மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் முள்ளெலும்புத் தமனி, எலும்பிலேயே இருக்கும் துளை வழியாக ஏறுகிறது. இடுப்பில் முன்பக்கம் வழியாகப் போனால் பெரிய ரத்தக்குழாய்கள் இரண்டாகப் பிரியும் இடம் குறுக்கே நிற்கும். பல மையங்களில் வயிற்றைத் திறந்து வழி செய்து தர ரத்தக்குழாய் சர்ஜன் ஒருவரை அழைத்துக்கொள்கிறார்கள். எப்போது யாரைக் கூப்பிடுவது என்பதும் ஃபெலோ கற்றுக்கொள்ளும் பாடங்களில் ஒன்று.

கை கற்பது

பெடிக்கிள் ஸ்க்ரூவை எடுத்துக்கொள்வோம். முள்ளெலும்பின் பின்பகுதியையும் முன்னாலுள்ள உடற்பகுதியையும் இணைக்கும் குறுகிய எலும்புத்தூண் பெடிக்கிள். ஸ்க்ரூ அதற்குள் புகுந்து முன்னே போக வேண்டும். அதன் உள்பக்கச் சுவரை ஒட்டித் தண்டுவடம். கீழ்ச்சுவரை ஒட்டி வெளியேறும் நரம்பு. ஸ்க்ரூ அளவுக்கு மீறி நீண்டால் முன்னால் பெரிய ரத்தக்குழாய். கீழ் இடுப்பில் இந்தத் தூண் 1 சென்டிமீட்டருக்கு மேல் அகலம் இருக்கும். நடுநெஞ்சில் பலருக்கு 5 மில்லிமீட்டர்கூட இராது. ஸ்கோலியோசிஸ் உள்ளவருக்கு வளைவின் உட்குழிந்த பக்கம் இன்னும் ஒடுங்கி, தண்டுவடமும் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும். எங்கே இடம் மிகக் குறைவோ அங்கேதான் ஆபத்தும் அதிகம்.

எலும்பின் மேல் ஒரு குறிப்பிட்ட புள்ளியில் ஓட்டை போட்டு, மழுங்கிய முனைக் கருவியை மெல்லச் சுழற்றி உள்ளே இறக்குகிறார்கள். உள்ளே இருக்கும் பஞ்சுபோன்ற எலும்பு ஒரு விதமாக எதிர்க்கும், வெளிச்சுவர் இன்னொரு விதமாக. திடீரென்று எதிர்ப்பே இல்லாமல் கருவி நழுவினால் சுவர் உடைந்துவிட்டது என்று அர்த்தம். பிறகு நுனியில் சிறு உருண்டை உள்ள கம்பியை விட்டு நான்கு சுவர்களையும் அடியையும் தடவிப் பார்த்துவிட்டுத்தான் ஸ்க்ரூ. இந்த உணர்வைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. ஆசிரியர் தடவிய அதே ஓட்டையை ஃபெலோவும் தடவ வேண்டும், நூற்றுக்கணக்கான தடவை.

இப்போது ஸ்க்ரூ போகும் வழியைத் திரையில் காட்டும் நேவிகேஷனும் ரோபோவும் வந்துவிட்டனவே, கை எதற்கு என்று கேட்கலாம். அவை துல்லியத்தைக் கூட்டுகின்றன, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நோயாளியின் எலும்பில் பொருத்தியிருக்கும் குறிச்சட்டம் யார் கையாவது பட்டு லேசாக நகர்ந்துவிட்டால், திரை அமைதியாகத் தப்பான இடத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். திரை சொல்வதும் கை சொல்வதும் ஒத்துப்போகவில்லையே என்று அந்த நேரத்தில் உறைக்க வேண்டுமென்றால் கைக்கு முதலில் ஏதாவது தெரிந்திருக்க வேண்டும். இரண்டையும் கற்றுத்தரும் இடமே நல்ல இடம் என்பது என் கட்சி.

தண்டுவடம் பாதுகாப்பாக இருக்கிறதா என்று ஆபரேஷன் நடக்கும்போதே அறிவதும் இந்தக் காலத்தில் பழகுகிற ஒன்று. முன்பு இதற்கு ஒரே வழிதான் இருந்தது. ராடு போட்டு முதுகை நிமிர்த்தியவுடன் மயக்கத்தைக் குறைத்து, நோயாளியை அரைத்தூக்கத்தில் எழுப்பி, பாதத்தை ஆட்டச் சொல்வார்கள். ஆட்டினால் நிம்மதி, மறுபடி மயக்கம் கொடுத்து வேலையை முடிப்பார்கள். 1973இல் பிரெஞ்சு மருத்துவர்கள் பதிவு செய்த இந்த முறைக்கு அவர்களில் ஒருவரான ஸ்டாக்னாராவின் பெயர். இன்று மின்சமிக்ஞைகளை அனுப்பித் தொடர்ந்து கண்காணிக்கும் கருவிகள் உள்ளன. சமிக்ஞை சட்டென்று விழுந்தால் என்ன செய்வது? ரத்த அழுத்தத்தை ஏற்றுவதா, கொடுத்த திருத்தத்தைத் தளர்த்துவதா, கடைசியாகப் போட்ட ஸ்க்ரூவை எடுப்பதா, மின்முனைதான் கழன்றுவிட்டதா? அந்தச் சில நிமிடங்களில் அனுபவசாலி ஒருவர் எதை முதலில் பார்க்கிறார், யாரிடம் என்ன கேட்கிறார் என்று பக்கத்தில் நின்று பார்ப்பதற்கு ஈடாக வேறு எதுவும் இல்லை.

இன்னும் சாதாரணமாகத் தோன்றும் ஒன்று: மட்டத்தை எண்ணுவது. முதுகைத் திறந்தால் முள்ளெலும்புகள் எல்லாம் ஒன்று போலவே தெரியும். சிலருக்கு இடுப்பின் கடைசி எலும்பு சேக்ரத்தோடு பாதி ஒட்டியிருக்கும், அதனால் கணக்கு ஒன்று தப்பும். தப்பான மட்டத்தில் செய்த ஆபரேஷன் என்பது கைத்திறன் எவ்வளவு இருந்தாலும் வீண். ஆகவே எக்ஸ்ரே எடுத்து, அடையாளம் வைத்து, இன்னொருவரும் பார்த்து உறுதிசெய்த பிறகே டிஸ்க்கைத் தொடும் பழக்கம். இந்தப் பொறுமையும் பயிற்சிதான்.

யாருக்கு ஆபரேஷன் வேண்டாம்

ஒரு நல்ல மையத்தில் ஃபெலோவின் வாரத்திலேயே முக்கியமான நேரம் தியேட்டருக்கு வெளியே இருக்கிறது. அடுத்த வாரம் ஆபரேஷனுக்குக் குறித்திருக்கும் நோயாளிகளின் படங்களைத் திரையில் போட்டு, ஏன் இவருக்கு, ஏன் இந்த முறை, ஏன் இத்தனை மட்டம், செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று எல்லாரும் கேட்கும் கூட்டம் அது. ஃபெலோதான் பதில் சொல்ல வேண்டும். சில பெயர்கள் அந்தக் கூட்டத்தோடு பட்டியலிலிருந்து போய்விடும்.

ஏன் இவ்வளவு கேள்வி? எம்.ஆர்.ஐ. படம் அவ்வளவு எளிதில் ஏமாற்றும். 1994இல் அதே 'நியூ இங்கிலாந்து ஜர்னல்' இதழில் வந்த ஆய்வு ஒன்றில், முதுகுவலியே இல்லாத 98 பேருக்குப் படம் எடுத்துப் பார்த்தார்கள். 52 சதவீதம் பேருக்கு ஒரு மட்டத்திலாவது டிஸ்க் பல்ஜ் (டிஸ்க் லேசாகப் புடைத்திருப்பது) இருந்தது. எல்லா டிஸ்க்கும் இயல்பாக இருந்தவர்கள் 36 சதவீதம்தான். அதாவது வலி இருக்கும் ஒருவருக்குப் படத்தில் பல்ஜ் தெரிகிறது என்பதாலேயே இரண்டுக்கும் தொடர்பு இருப்பதாகிவிடாது. கால் எந்த இடத்தில் மரத்துப்போகிறது, எந்தத் தசை பலமிழந்திருக்கிறது, இருமினால் வலி எங்கே ஓடுகிறது என்று கைவைத்துச் சோதித்துப் பார்த்து, அது படத்தில் அழுந்தியிருக்கும் நரம்போடு பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். பொருந்தினாலும்கூட, டிஸ்க் பிதுக்கத்தால் வரும் கால்வலி பலருக்குச் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் ஆபரேஷன் இல்லாமலே குறைந்துவிடுகிறது.

மறுபக்கம், காத்திருக்கக் கூடாத நிலைகள். இரண்டு காலிலும் பலவீனம், சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது, உட்காரும் இடத்தைச் சுற்றி உணர்ச்சி போவது, இவை காடா ஈக்வைனா மொத்தமாக நசுங்குவதன் அறிகுறிகள். இங்கே மணிக்கணக்கு முக்கியம். பொறுத்துப்பார்க்கலாம் என்று ஒருவரிடம் சொல்லவும், இன்றிரவே செய்ய வேண்டும் என்று இன்னொருவருக்காகத் தியேட்டரைத் திறக்கச் சொல்லவும் ஒரே ஆளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இதில் இன்னொரு நுணுக்கம், விளைவுகள் வெகுகாலம் கழித்து வருகின்றன. ஹாரிங்டன் தண்டு ஸ்கோலியோசிஸ் வளைவை அழகாக இழுத்து நிமிர்த்தியது. இடுப்புவரை நீட்டிப் போட்டவர்களில் பலருக்கு இடுப்பின் இயல்பான உள்வளைவும் அதோடு தட்டையாகிப்போனது. ஆண்டுகள் பல கழித்து அவர்கள் முன்னால் சாய்ந்தபடி, நிமிர்ந்து நிற்க முடியாமல் வந்தார்கள். முதுகைப் பக்கவாட்டிலிருந்து பார்க்கும் சமநிலை பற்றி இன்று இவ்வளவு பேசுவதற்கு அந்த அனுபவம் ஒரு பெரிய காரணம். புதிதாகத் தொழில் தொடங்கும் ஒருவர் தன் ஆபரேஷனின் பத்தாவது வருட விளைவைக் காணப் பத்து வருடம் ஆகும். பெரிய மையத்தில் ஃபெலோவாக இருப்பவரோ, ஆசிரியர் எப்போதோ செய்தவர்களைப் புறநோயாளிப் பிரிவில் தினமும் பார்க்கிறார். வேறு இடங்களில் செய்து பழுதான ஆபரேஷன்களைத் திருத்துவதையும் பார்க்கிறார். ஒட்டாத எலும்பு, உடைந்த ராடு, இணைத்த இடத்துக்கு மேலே தேய்ந்துபோன அடுத்த டிஸ்க். ஓராண்டுக்குள் முப்பது ஆண்டு விளைவுகளைப் பார்க்கக் கிடைப்பதுதான், என்னைக் கேட்டால், இந்தப் பயிற்சியின் பெரும்பகுதி மதிப்பு.

பொறுப்பு எப்படிக் கைமாறுகிறது

அறுவைப் பயிற்சியில் பொறுப்பைப் படிப்படியாகக் கூட்டும் முறையை 1889 முதல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வில்லியம் ஹால்ஸ்டெட் நிலைநிறுத்தினார். ஃபெலோஷிப் அந்த ஏணியின் கடைசிப் படி. முதல் வாரங்களில் ஃபெலோ எதிர்ப்பக்கம் நின்று உதவுகிறார். பிறகு திறப்பதும் மூடுவதும் அவர் வேலை. பிறகு ஒரு பக்க ஸ்க்ரூக்கள் ஆசிரியருக்கு, மறுபக்கம் ஃபெலோவுக்கு. கடைசி மாதங்களில் முழு ஆபரேஷனையும் ஃபெலோ நடத்த, ஆசிரியர் உதவியாளராக நிற்பார், அல்லது கையுறை போடாமல் அறையில் ஓரமாக இருப்பார்.

செய்த ஒவ்வொன்றும் பதிவேட்டில் ஏறும். பிரிட்டனின் முறை இதில் தெளிவானது: வெறுமனே உதவினாரா, ஆசிரியர் கூடவே கைவைத்திருக்கச் செய்தாரா, ஆசிரியர் அருகில் இருக்க மட்டும் செய்தாரா, தானே செய்தாரா, இன்னொரு இளையவருக்குச் சொல்லித்தந்தாரா என்று தனித்தனிக் குறியீடுகள் உண்டு. "நானூறு கேஸ் பார்த்தேன்" என்று ஒருவர் சொன்னால், இந்தக் குறியீடுகள் தெரியாமல் அந்த எண்ணுக்கு ஒரு பொருளும் கிடையாது.

சிக்கல்களைப் பேசும் கூட்டம் தனியாக நடக்கும். டியூரா கிழிந்து தண்டுவடத் திரவம் கசிந்தது, சீழ் பிடித்தது, பாதம் தூக்க முடியாமல் போனது என்று அந்த மாதம் நடந்தவற்றை ஒளிக்காமல் வைத்துப் பேசுவார்கள். பேசாத இடத்தில் பயிற்சி பெறுபவர், சிக்கல்கள் மற்றவர்களுக்குத்தான் வரும் என்ற நினைப்போடு வெளியே போவார்.

எல்லா ஃபெலோஷிப்பும் ஒன்றல்ல

கிளினிக்கல் ஃபெலோஷிப் என்றால் பதிவு பெற்ற மருத்துவராக வேலை செய்து, நோயாளிகளைப் பார்த்து, ஆபரேஷனில் கைவைத்துக் கற்பது. அதற்கு அந்த நாட்டின் மருத்துவ உரிமம் வேண்டும். உரிமம் இல்லாமல் வெளிநாட்டு மையத்துக்குப் போகிறவர் பெரும்பாலும் பார்வையாளர்தான். தியேட்டரில் நின்று பார்க்கலாம், தொட முடியாது. மூன்றாவது வகை பயண ஃபெலோஷிப்: ஸ்கோலியோசிஸ் ரிசர்ச் சொசைட்டி போன்ற சங்கங்கள் இளம் சர்ஜன்கள் சிலரைத் தேர்ந்தெடுத்து, மையம் மையமாக அழைத்துப்போகும். எலும்பு முறிவு சிகிச்சைக்காகச் சுவிட்சர்லாந்தில் 1958இல் தொடங்கிய ஏ.ஓ. அமைப்பின் முதுகெலும்புப் பிரிவு, பல நாடுகளிலுள்ள மையங்களில் குறுகிய காலமும் நீண்ட காலமுமாக இடங்கள் தருகிறது.

பார்ப்பதால் பயனில்லை என்று நான் சொல்லவில்லை. பழுத்த சர்ஜன் ஒருவர் இரண்டு வாரம் பார்த்துவிட்டு வந்து தன் முறையையே மாற்றிக்கொள்வதுண்டு. ஆனால் இரண்டு வாரம் பார்த்ததும் இரண்டு ஆண்டு செய்ததும் பெயர்ப்பலகையில் ஒரே சொல்லாக ஏறுவது நியாயமில்லை.

ஊர் விட்டு ஊர் போவதற்குக் காரணம் இருக்கிறது. இந்தத் துறையில் முறைகள் அந்தந்த இடத்து நோயிலிருந்து பிறந்தவை. ஹாங்காங்கில் முதுகெலும்புக் காசநோய் மலிந்திருந்த காலத்தில், ஹாட்ஜ்சனும் ஸ்டாக்கும் முன்பக்கம் வழியாகப் போய்ச் சீழை அகற்றி எலும்பு வைக்கும் அறுவையை 1956இல் வெளியிட்டார்கள். ஜப்பானில் தண்டுவடத்துக்கு முன்னாலுள்ள இணைப்புநார் எலும்பாக இறுகும் நோய் கூடுதலாகக் காணப்படுவதால், கழுத்தில் பின்பக்க எலும்பைக் கதவு போலத் திறந்து இடம் உண்டாக்கும் லாமினோபிளாஸ்டி அங்கே வளர்ந்தது. எண்டோஸ்கோப்பி வழி முதுகு அறுவையைக் கற்கப் பலர் இன்று தென் கொரியாவுக்குப் போகிறார்கள். குழந்தைகளின் வளைவு, புற்றுநோய் பரவிய முதுகு, விபத்துக் காயம், சிறு துளை அறுவை என்று ஒவ்வொரு மையத்துக்கும் ஒரு சாய்வு இருக்கும். ஓராண்டில் எல்லாமும் கிடைக்காது.

இடம் தேடும் இளம் மருத்துவருக்கு

மையத்தின் புகழைவிட, சென்ற ஆண்டு அங்கே இருந்த ஃபெலோவைக் கண்டுபிடித்துப் பேசுவது மேல். பதிவேட்டில் எத்தனை, எந்தக் குறியீட்டில் என்று கேளுங்கள். ஒரே ஆபரேஷனுக்கு ரெசிடென்டும் இரண்டு ஃபெலோக்களும் போட்டியிடும் இடமா? புறநோயாளிப் பிரிவில் ஃபெலோவுக்குத் தனி அறை உண்டா, இல்லை தியேட்டரில் மட்டும்தானா? புறநோயாளிப் பிரிவு இல்லாத ஃபெலோஷிப்பில் ஆபரேஷன் செய்யக் கற்கலாம், யாருக்குச் செய்வது என்பதைக் கற்க முடியாது. எலும்பியல், நரம்பியல் இரண்டு பக்க ஆசிரியர்களும் இருக்கிறார்களா? சிக்கல் கூட்டம் உண்மையிலேயே நடக்கிறதா? அங்கீகாரம் உள்ளதா என்பதையும் பார்க்க வேண்டும், அமெரிக்காவில் பயிற்சித் திட்டங்களை மதிப்பிடும் ஏ.சி.ஜி.எம்.இ. அமைப்பின் அங்கீகாரம் பெற்றவையும் பெறாதவையும் இரண்டுமே உண்டு, பெறாதவற்றிலும் நல்லவை இருக்கின்றன. ஆராய்ச்சிக் கட்டுரைக்குத் தரவு சேர்க்க மட்டும் ஆள் தேடும் இடங்களும் உண்டு, கவனம்.

நோயாளிக்கு

பயிற்சி மருத்துவமனையில் உங்கள் ஆபரேஷனில் ஃபெலோ ஒருவர் கைவைக்கலாம். அது தெரிந்தவுடன் பயப்பட வேண்டியதில்லை. அவர் ஏற்கெனவே ஒரு துறையின் முழு சர்ஜன். முக்கியமான கட்டங்களில் மூத்தவர் அறையில் இருப்பாரா, எந்தப் பகுதியை யார் செய்வார் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன்பே கேளுங்கள்.

பெயருக்குப் பின்னால் ஸ்பைன் ஃபெலோஷிப் என்று பார்த்தால், எங்கே, எவ்வளவு காலம், அங்கே ஆபரேஷன் செய்தீர்களா பார்த்தீர்களா என்று கேட்கலாம். நேர்மையான மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார். அதோடு, எனக்குச் சொல்லியிருக்கும் இதே ஆபரேஷனை இப்போது மாதம் எத்தனை செய்கிறீர்கள், இதைச் செய்யாமல் மூன்று மாதம் பொறுத்தால் என்ன ஆகும் என்ற இரண்டையும் கேட்டுவிடுங்கள். இரண்டாவதற்கு அவர் எவ்வளவு நேரம் எடுத்து, உங்கள் படத்தையும் காலையும் மாறிமாறிக் காட்டிப் பதில் சொல்கிறார் என்று கவனியுங்கள்.